நோயாளியின் சொல்லும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

மருத்துவரின் அறைக்குள் நுழையும் நோயாளியிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதாகும். அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "பரவாயில்லை, டாக்டர்" என்பதே. வெளியில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், மருத்துவருக்கு நேரமில்லை. சிறிய தொல்லைகளைச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யலாகாது என்று நோயாளி எண்ணுகிறார். அதிகமாகச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. இவ்வாறு "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லின் பின்னே, பத்து நாட்களாக உணவு இறங்காமையும், இரவெல்லாம் உறங்கவிடாத வலியும், விரல் நுனிகள் மரத்துப்போனமையும் மறைந்து நின்றுவிடுகின்றன.

ஏனைய நோய்களைக் காட்டிலும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இம்மௌனம் மிகுந்த தீங்கு விளைப்பதாகும். மக்கள் வழக்கில் 'கீமோ' எனப்படும் மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அளிக்கப்படுகிறது. மருந்து ஏற்றிக்கொண்ட நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். மருந்தின் பக்க விளைவுகள் தோன்றுவதோ, அவர் மருத்துவ மனையைவிட்டு அகன்ற பின்னர், இடைப்பட்ட நாட்களில்தான். அந்நாட்களில் நிகழ்வனவற்றை மருத்துவர் காண இயலாது. நோயாளி சொன்னால்தான் உண்டு. அவர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டறிந்து, உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்பதற்குக் கைப்பேசியும் கணிப்பொறியும் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதையும், அத்துணையின் எல்லை யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஏட்டில் ஏறாத துன்பங்கள்

நோயாளி படும் துன்பங்களை மருத்துவர் கேட்டறிந்து தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, தம் முடிவுகளை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெற்ற 1,090 நோயாளிகள் தாமே நிரப்பிய வினாத்தாள்களை, அதே நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகளோடு அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் ஆகிய ஆறு தொல்லைகள் ஆராயப்பட்டன. தமக்கு உண்டென்று நோயாளிகள் குறிப்பிட்டவற்றுள், தொல்லையின் வகையைப் பொறுத்து, சுமார் 40 சதவிகிதம் முதல் 74 சதவிகிதம் வரை மருத்துவர்களின் குறிப்பில் இடம்பெறவே இல்லை.

இதனை மருத்துவர்களின் அசட்டை என்று கொள்வது தவறு. நேரக் குறைவும், நினைவின் குறைவும், நோயாளியின் தயக்கமும் ஒருங்கே சேர்ந்து விளைத்த விளைவு இது. பதினெட்டு நாட்களுக்கு முன் எத்தனை முறை வாந்தி எடுத்தோம் என்பதை, வரிசையில் நின்று களைத்த ஒருவர் நினைவுகூர்ந்து கூறுவது எளிதன்று. துன்பம் நிகழும் வாரத்திலேயே, நோயாளியின் வாயிலாகவே, ஒரே வகையான கேள்விகளால் கேட்டறிவதுதான் இதற்கு மாற்று ஆகும்.

நியூயார்க்கில் நடந்த ஆராய்ச்சி

இம்மாற்று முறையை முறையாகச் சோதித்த ஆராய்ச்சிகளுள் முதன்மையானது, நியூயார்க் நகரத்தின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவ மனையில், டாக்டர் ஈதன் பாஷ் என்பவரின் தலைமையில் நடந்ததாகும். உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்காக மருந்துச் சிகிச்சை பெற்றுவந்த 766 பேர், 2007ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பே தொடர்ந்தது. மற்றொரு சாரார் பசியின்மை, வலி, குமட்டல், மூச்சுத் திணறல், களைப்பு, கை கால் மரத்தல் முதலிய 12 தொல்லைகளைப் பற்றிக் கணிப்பொறி வாயிலாகத் தாமே தெரிவித்துவந்தனர். கணிப்பொறிப் பழக்கமுள்ளவர்கள் வீட்டிலிருந்தவாறே விடையளிக்கலாம். வாரந்தோறும் அவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பப்பட்டது. பழக்கமில்லாதவர்கள் மருத்துவ மனைக்கு வரும்போது அங்குள்ள கருவியில் விடையளித்தனர்.

ஒவ்வொரு தொல்லைக்கும், 'சிறிதும் இல்லை' என்பதைக் குறிக்கும் 0 முதல், 'செயலற்றுப் போகும் அளவு' என்பதைக் குறிக்கும் 4 வரை படிகள் வகுக்கப்பட்டிருந்தன. ஒரு தொல்லை 3ஆம் படியை அடைந்தாலோ, முன்பு கூறியதைவிட 2 படிகள் உயர்ந்தாலோ, செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் எச்சரிக்கை சென்றது. நோயாளி மருத்துவரைக் காண வரும் நாளில், அதுவரை அவர் தெரிவித்தவை யாவும் அச்சிடப்பட்டு மருத்துவரின் கையில் கொடுக்கப்பட்டன.

விளைவுகள் கருதத்தக்கவை. ஆறு மாத முடிவில், வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகத் தெரிவித்தவர்கள் புதிய முறையில் 34 சதவிகிதமும், வழக்கமான முறையில் 18 சதவிகிதமும் ஆவர். ஓராண்டிற்குள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தவர்கள் முறையே 34 சதவிகிதமும் 41 சதவிகிதமும் ஆவர். 2017ஆம் ஆண்டில் வெளியான தொடர் முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. புதிய முறையைப் பின்பற்றியவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், மற்றவர்களுக்கு 26 மாதங்கள். இடைநிலை என்பது, அத்தொகுதியினரில் பாதிப்பேர் அதற்கு மேலும் உயிர் வாழ்ந்தனர் என்று பொருள்படும். கேள்வி கேட்டு விடை பெறுகின்ற ஓர் ஏற்பாடு, புதிய மருந்து எதுவும் இன்றியே, ஐந்து மாதங்களை ஈட்டித் தந்தது எனலாம்.

பயன் விளைந்த வகை

கணிப்பொறி நோயைக் குணப்படுத்தவில்லை. பயன் விளைந்த வழி வேறு. எச்சரிக்கை கிடைத்தபோது, நூற்றுக்கு 77 முறை செவிலியர் ஏதேனும் ஒரு நடவடிக்கை மேற்கொண்டனர். தொலைபேசியில் அழைத்து அறிவுரை கூறினர். வாந்தியை அடக்கும் மருந்துக்கு ஏற்பாடு செய்தனர். மருந்தின் அளவை மாற்ற வேண்டியபோது மருத்துவரிடம் தெரிவித்தனர். துன்பம் முற்றுமுன் தணிக்கப்பட்டதால், நோயாளிகள் மருந்துச் சிகிச்சையை நெடுநாள் தாங்கிக்கொள்ள முடிந்தது. வழக்கமான கவனிப்பில் சராசரியாக 6.3 மாதங்கள் தொடர்ந்த சிகிச்சை, புதிய முறையில் 8.2 மாதங்கள் தொடர்ந்தது.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கணிப்பொறியை முன்பு கையாண்டறியாதவர்களே இம்முறையால் மிகுந்த பயன் பெற்றனர். "இவர்களுக்கு இயந்திரம் பழகாது, இவர்களை விட்டுவிடலாம்" என்று நாம் ஒதுக்க நினைப்பவர்களே இதன் தேவை மிகுந்தவர்கள் என்பது இதனால் விளங்கும்.

பின்னர் நடந்த ஆராய்ச்சிகள்

ஒரே மருத்துவ மனையில் கண்ட முடிவை எங்கும் பொருந்துவதாகக் கொள்ளல் விஞ்ஞான நெறியன்று. பிரான்சு நாட்டில், நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 121 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சி 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாரந்தோறும் இணையத்தின் வழியே தம் நிலையைத் தெரிவித்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 19 மாதங்கள். வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களுக்கு 12 மாதங்கள். நோய் திரும்புவதன் அறிகுறிகள் முன்னதாகவே புலப்பட்டதும், உடல்நிலை நன்றாக இருக்கும்போதே அடுத்த சிகிச்சையைத் தொடங்க முடிந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இதன்பின் அமெரிக்காவில், பெரிய ஆராய்ச்சி நிலையங்களை விடுத்து, 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 நோயாளிகளைக் கொண்டு விரிவான சோதனை ஒன்று நடந்தது. இதில் இணையத்தின் வழியாகவோ, இயந்திரக் குரல் கேள்வி கேட்கும் தொலைபேசி வழியாகவோ விடையளிக்கலாம். அனுப்பப்பட்ட வினாக்களில் 91.5 சதவிகிதத்திற்கு நோயாளிகள் விடையளித்தனர். உடலின் செயல்திறன், துன்பத் தணிவு, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றிலும் முன்னேற்றம் காணப்பட்டதாக 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2025ஆம் ஆண்டில் வெளியான இறுதி முடிவுகளில், வாழ்நாள் நீட்சியில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அவசரச் சிகிச்சைக்கு முதன்முறை செல்ல நேரும் காலம் மட்டும் தள்ளிப்போயிற்று.

ஆகவே, இம்முறை ஆயுளை நீட்டும் என்று எவருக்கும் நாம் உறுதி கூறலாகாது. துன்பத்தைக் குறைக்கும் என்று கூறலாம். அதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஐரோப்பிய மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், மருந்துச் சிகிச்சை பெறுவோரை இம்முறையில் கவனித்துவரப் பரிந்துரைத்திருக்கிறது.

கேள்வியின் மொழி

கருவி எதுவாயினும், அதனுள் இருப்பது கேள்வி. கேள்வி புரியாவிடில் விடை பயனற்றது. இங்குதான் மொழிபெயர்ப்பாளனின் பொறுப்புத் தொடங்குகிறது. புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பிய ஆராய்ச்சி அமைப்பு ஒன்று உருவாக்கி 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தாளில் 30 கேள்விகள் உள்ளன. அது தமிழ் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது. இத்தகைய வினாத்தாளைப் பெயர்ப்பதற்கு வரையறுத்த முறை உண்டு. இருவர் தனித்தனியே பெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைக் காணாத பிறர் அதனை மீண்டும் ஆங்கிலத்திற்குத் திருப்ப வேண்டும். இறுதியில் நோயாளிகள் சிலரிடம் காட்டி, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எவ்வாறு பொருள்கொள்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓய்வெடுத்தும் நீங்காத ஒருவகைத் தளர்ச்சி புற்றுநோயாளிகளுக்கு உண்டு. இதனைக் 'களைப்பு' என்று எழுதினால், "நான் வேலையே செய்யவில்லையே, களைப்பு ஏது?" என்று ஒருவர் கருதி, 'இல்லை' என்று குறித்துவிடக்கூடும். 'சோர்வு' என்றால் மனச்சோர்வு என்று கொள்பவரும் உளர். 'அசதி' என்பது சிலருக்கு உறக்கக் கலக்கத்தைக் குறிக்கும். 'குமட்டல்' என்ற ஏட்டுச் சொல்லைவிட, 'வயிற்றைப் பிரட்டுகிறதா?' என்ற கேள்வி பலருக்கு எளிதில் விளங்கும். 'உணர்விழப்பு' என்று எழுதப்பட்டதைப் படித்து மயக்கம் என்று எண்ணுவோர், 'கை கால் மரத்துப்போகிறதா? சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா?' என்று கேட்டால் தயக்கமின்றி விடை கூறுவர்.

மரத்துப்போதலைப் பற்றிய கேள்வி அற்பமானதன்று. ஆக்சாலிபிளாட்டின், பக்லிடாக்செல் போன்ற மருந்துகள் நரம்புகளைத் தாக்கக்கூடியவை. தொடக்கத்திலேயே தெரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், அல்லது மாற்றலாம். காலங்கடந்தால் அக்குறை நெடுநாள் நீடித்து, தையல் வேலை செய்பவரின் பிழைப்பையே கெடுத்துவிடவும் கூடும். பொருந்தாத ஒரு சொல்லால் இத்தகைய தீங்கு நேருமாயின், மொழிபெயர்ப்பும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது தெளிவு.

நம் நாட்டிற்கு ஏற்ற முறை

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 இலட்சத்துக்கும் அதிகமாவர். சிறப்புச் சிகிச்சை நிலையங்களோ பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ளன. 1941ஆம் ஆண்டில் பம்பாயில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவ மனைக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இரயிலேறி வருவதை யாவரும் அறிவர். சிகிச்சை நிலையங்களை ஒன்றிணைத்து, நாடெங்கும் ஒரே தரமான சிகிச்சை கிடைக்கச் செய்யும் நோக்குடன் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு 2012ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. ஆயினும், மருந்து ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள ஊருக்குத் திரும்பிய நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிடவில்லை. அத்தூரத்தைக் கடக்கக்கூடியது அவருடைய சொல் ஒன்றே.

மேனாட்டு ஏற்பாட்டை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவது பயன் தராது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து வினாவைவிடக் குரல் வினாவே ஏற்றது. சாதாரணக் கைப்பேசியிலும் இது இயலும்: தாய்மொழியில் கேள்வி ஒலிக்கும், 'இல்லை' என்பதற்கு ஓர் எண்ணும், 'மிக அதிகம்' என்பதற்கு வேறோர் எண்ணும் அழுத்தினால் போதும். முப்பது கேள்விகளுக்கு மாறாக, முக்கியமான பத்துப் பன்னிரண்டு கேள்விகளே வாரந்தோறும் கேட்கத்தக்கவை. ஒரே கைப்பேசியைக் குடும்பத்தார் பலர் பயன்படுத்தும் வீடுகளில், அது யார் கையில் எப்போது இருக்கும் என்பதையும் முன்பே கேட்டறிதல் வேண்டும். நோயைப் பற்றிய செய்தி தனிமனிதரின் உடைமை. 2023ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதனை வலியுறுத்துவதால், நோயாளியின் இசைவின்றி எவ்விவரமும் திரட்டலாகாது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எச்சரிக்கையைப் படிப்பதற்கும், படித்தவுடன் செயற்படுவதற்கும் பெயர் குறித்து ஒருவரை நியமித்த பின்னரே கேள்வி கேட்கத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவில் வரும் எச்சரிக்கையைத் திங்கட்கிழமை நண்பகலில் ஒருவர் பார்ப்பாராயின், அந்த ஏற்பாடு இல்லாதிருப்பதே நன்று; ஏனெனில், சொல்லிவிட்டோம் என்ற நம்பிக்கையில் நோயாளி வீட்டிலேயே காத்திருப்பார். இரண்டு மூன்று முறை சொல்லியும் ஒருவரும் திரும்ப அழைக்காவிடில், நான்காம் முறை அவர் எல்லாவற்றிற்கும் 'இல்லை' என்றே அழுத்துவார். பழைய "பரவாயில்லை" புதிய கருவியின் வழியே மீண்டும் ஒலிக்கும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

ஊரில் நோயாளியை அடிக்கடி காண்பவர் களப்பணியாளர். அவர் கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுதல் நலம்.

முதலாவது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்பதோடு நில்லாமல், "நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? இரவு எத்தனை முறை எழுந்தீர்கள்? வாயில் புண் உண்டா?" என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து ஏற்றிய பின் ஏழு முதல் பதினான்கு நாட்கள் வரையிலான காலத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அக்காலத்தில் உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை, அதாவது 38 செல்சியசை எட்டினால் அது அவசர நிலையாகும். காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருத்தல் உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். உடனே சிகிச்சை நிலையத்துக்குத் தெரிவித்து, மருத்துவ மனைக்கு அனுப்ப வேண்டும். கருவியின் எச்சரிக்கைக்காகக் காத்திருத்தல் கூடாது.

மூன்றாவது, நோயாளிக்காகத் தாம் பொத்தானை அழுத்தும்போது, அவர் சொன்னதையே அழுத்த வேண்டும். "இது ஒன்றும் பெரிதல்ல" என்று தாமே குறைத்துப் பதிவது, இம்முறையின் அடிப்படையையே தகர்ப்பதாகும்.

நான்காவது, நோயாளி சொன்னதன் பேரில் என்ன செய்யப்பட்டது என்பதை அவரிடம் திரும்பச் சென்று கூற வேண்டும். அடுத்த முறை அவர் உண்மையைக் கூறுவதற்கு இதுவே தூண்டுகோல்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பல வீடுகளில் கைப்பேசியை இயக்கத் தெரிந்தவர் பள்ளியில் படிக்கும் மகனோ மகளோதான். தாயின் நோயைப் பற்றிய வினாக்களைப் பிள்ளையே படித்துக் காட்ட நேர்கிறது. தாய் தன் வலியைப் பிள்ளையிடம் மறைத்து, இல்லையென்று சொல்வது இயல்பு. பிள்ளையோ, தாங்கவொண்ணாத செய்தியைத் தனியே சுமக்க நேரிடும். இத்தகைய மாணவரை அறிந்த ஆசிரியர், களப்பணியாளருக்கோ செவிலியருக்கோ தெரிவித்து, அப்பொறுப்பை வயதுவந்த ஒருவரிடம் மாற்றச் செய்யலாம். மற்றும், துன்பத்தை 0 முதல் 4 வரை எண்ணால் அளந்து கூறுவது எவ்வாறு என்பதை அறிவியல் பாடத்தோடு சேர்த்துக் கற்பித்தால், அவ்வறிவு மாணவர் வழியே வீட்டாரையும் சென்றடையும்.

முடிவுரை

வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் காய்ச்சலைக் கையால் தொட்டே அளந்தனர். வலியையும் தளர்ச்சியையும் அளக்க இன்றும் வேறு கருவி இல்லை. அவற்றை அளப்பவர் நோயாளி ஒருவரே. அவர் அளந்து கூறுவதைத் தூரம் கடந்து கொண்டுசேர்க்கும் பணியைக் கைப்பேசி செய்யும். கேள்வியை விளங்கும் மொழியில் அமைப்பதும், விடையைப் படிப்பதும், படித்தபடி செயற்படுவதும் மனிதர் கடமை. இம்மூன்றும் ஒழுங்காக நடைபெறும் இடத்தில், "பரவாயில்லை" என்று நோயாளி கூறும் சொல்லை நாம் மெய்யென்றே நம்பலாம்.